நீல ஒளியும் இரண்டு வட்டுகளும்

வரலாறு என்றதும் முடிமன்னரும் படைத்தலைவரும் கோட்டை கொத்தளங்களும் மனக்கண்முன் எழுவது இயல்பு. ஆயினும் வாணிகத்துக்கும் வரலாறு உண்டு. அங்கும் முற்றுகை உண்டு, உடன்படிக்கை உண்டு, நேற்றுவரை தோழனாயிருந்தவன் இன்று எதிரணியில் நிற்பதும் உண்டு. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அத்தகைய போரொன்று நடைபெற்றது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பிளாத்திக்கு வட்டே அதன் களம். 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் தேதி, ஒன்பது பெருங் கம்பனிகள் 'புளூ-ரே' என்னும் புதிய வட்டு முறையைத் தோக்கியோவில் அறிவித்தன. சரியாக ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் தேதி, அதே நகரில் தொஷிபா கம்பனியின் தலைவர் அட்சுதோஷி நிஷிடா பத்திரிகையாளர் முன் தோன்றி, தம் கம்பனியின் 'எச்.டி. டி.வி.டி.' முறையைக் கைவிடுவதாகக் கூறினார். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஆறாண்டு வரலாறே இவ்வுரையின் பொருள்.

போரின் காரணத்தை அறிய வேண்டுமாயின், இறுவட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்றே அறிதல் வேண்டும். ஓர் ஓலையில் எத்தனை வரிகள் எழுதலாம் என்பது ஓலையின் அகலத்தை மட்டும் பொறுத்ததன்று. எழுத்தாணியின் கூர்மையையும் பொறுத்தது. முனை மழுங்கிய ஆணி நான்கு வரி எழுதும் இடத்தில் கூரிய ஆணி எட்டு வரி எழுதும். இறுவட்டிலும் அதே கதைதான். அதன் பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத சிறு குழிகள் சுருள்வடிவ வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கும் எழுத்தாணி லேசர் ஒளி. ஒளியின் அலைநீளம் குறுகக் குறுக ஆணியின் முனை கூர்மையடையும். 1982இல் சோனி, பிலிப்ஸ் என்னும் இரு கம்பனிகளும் சந்தைக்குக் கொண்டுவந்த இசை இறுவட்டு, 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியாற் படிக்கப்பட்டது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீற்றர். 1996இல் வந்த டி.வி.டி. 650 நானோமீற்றர்ச் செவ்வொளியைக் கையாண்டது. வட்டின் அளவு மாறவில்லை. கொள்ளளவோ ஏறக்குறைய ஏழு மடங்காயிற்று. ஒரு முழுத் திரைப்படம் உள்ளங்கையளவு வட்டில் அடங்கிற்று.

இதற்கிடையில் தொலைக்காட்சி மாறிவிட்டது. பழைய தொலைக்காட்சியின் படம், அமெரிக்க முறையில் 480 வரிகளும், இலங்கை பின்பற்றிய முறையில் 576 வரிகளும் கொண்டது. உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் படத்தில் 1,080 வரிகள். அமெரிக்க டி.வி.டி.யின் ஒரு படச்சட்டத்தில் 3,45,600 புள்ளிகள். உயர்தெளிவுப் படத்தில் 20,73,600 புள்ளிகள். அதாவது ஆறு மடங்கு. யப்பானில் 2000ஆம் ஆண்டின் இறுதியிலேயே செய்மதி வழியாக இலக்கமுறை உயர்தெளிவு ஒளிபரப்புத் தொடங்கிவிட்டது. வீட்டுத் தொலைக்காட்சி காட்டக்கூடிய படத்தை வீட்டிலுள்ள வட்டு தாங்கமாட்டாத நிலை ஏற்பட்டது. இன்னும் கூரிய எழுத்தாணி வேண்டியதாயிற்று.

அந்த எழுத்தாணியை ஆக்கியளித்தது தோக்கியோவின் பெருங் கம்பனிகளுள் ஒன்றன்று. சிக்கோக்குத் தீவில் அனான் என்னும் சிறு நகரில் இயங்கிய நிச்சியா என்ற இரசாயனக் கம்பனியிற் பணியாற்றியவர் ஷூஜி நக்கமுரா. பெரிய ஆய்வுகூடங்கள் பல பயனில்லை எனத் தள்ளிவிட்ட கல்லியம் நைத்திரைட்டு என்னும் பொருளைக் கொண்டு 1993இல் பிரகாசமான நீல ஒளிவிளக்கையும், பின்னர் 1990களின் நடுப்பகுதியில் நீலஊதா லேசரையும் அவர் ஆக்கினார். கண்டுபிடிப்புக்காகக் கம்பனி அவருக்கு முதலில் அளித்த பரிசு 20,000 யென். வழக்கு நீதிமன்றஞ் சென்று, 2005இல் ஏறக்குறைய 84 கோடி யென்னுக்குச் சமரசமாக முடிந்தது. 2014இல் அக்கசாக்கி, அமனோ என்னும் இரு அறிஞருடன் நக்கமுராவுக்குப் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. வட்டுப் போரில் இரு தரப்பும் ஏந்திய ஆயுதம் ஒன்றே, 405 நானோமீற்றர் நீலஊதா ஒளி. ஒரே உலையில் அடித்த வாளை இரு படைகளும் ஏந்தி எதிரெதிரே நின்றன.

அவ்வாறாயின் ஏன் இணங்கிப் போகவில்லை? விடை பழைய கணக்குகளில் இருக்கிறது.

1975இல் சோனி பீற்றாமக்ஸ் என்னும் ஒளிநாடாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டே யே.வி.சி. என்ற கம்பனி வீ.எச்.எஸ். நாடாவைக் கொணர்ந்தது. பீற்றாமக்ஸ் தொடக்கத்தில் ஒரு மணி நேரமே பதிந்தது, வீ.எச்.எஸ். இரண்டு மணி நேரம். ஒரு திரைப்படம் ஒரே நாடாவில் முடிய வேண்டும் என்று வாங்குவோர் எதிர்பார்ப்பது நியாயந்தானே. வீ.எச்.எஸ்.ஸுக்குப் பல கம்பனிகள் துணைநின்றன, சோனி தோற்றது. தோல்வியிலிருந்து சோனி கற்ற பாடம், படம் எவர் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே பொறியும் சாயும் என்பது. 1989இல் ஹொலிவுட்டின் கொலம்பியா படநிறுவனத்தை 340 கோடி டொலருக்குச் சோனி விலைக்கு வாங்கியதற்கு அப்பாடமும் ஒரு காரணம் எனலாம்.

1990களின் நடுப்பகுதியில், டி.வி.டி. உருவாகுமுன் மீண்டும் இரு அணிகள் தோன்றின. ஒரு புறம் சோனியும் பிலிப்ஸும். மறுபுறம் தொஷிபா, மற்சுஷிற்றா, ஹொலிவுட்டின் ரைம் வோர்ணர். இம்முறை கணினிக் கம்பனிகள், ஐ.பீ.எம். முன்னிற்க, இரண்டு முறைகளை ஏற்கமாட்டோம் என்று உறுதியாகக் கூறின. 1995 இறுதியில் சமாதானம் ஏற்பட்டது. வட்டின் உடலமைப்பு பெரும்பாலும் தொஷிபா அணியுடையது. குறிகளைப் பதியும் முறை சோனி, பிலிப்ஸ் தரப்பினது. தொஷிபாவுக்கு அது பெருமிதமும் வருமானமும் தந்த வெற்றி. உலகில் விற்கும் ஒவ்வொரு டி.வி.டி.யிலிருந்தும் காப்புரிமைப் பணத்தின் ஒரு பங்கு அதற்கு வந்தது. அடுத்த தலைமுறை வட்டு எவருடையதோ அவருக்கே அடுத்த தலைமுறைக் காப்புரிமைப் பணமும் என்பதை இரு தரப்பினரும் நன்குணர்ந்திருந்தனர். 2002இல் சோனியோடு கைகோத்த ஒன்பது கம்பனிகளுள் மற்சுஷிற்றாவும் ஒன்று. ஏழாண்டுகளுக்கு முன் தொஷிபாவின் அணியில் நின்றது அது. தொஷிபா தனித்து விடப்பட்டது. 2002 ஓகஸ்டில் நெக் என்ற கம்பனியைத் துணையாகக் கொண்டு தன் சொந்த முறையை முன்வைத்தது, டி.வி.டி. மன்றம் 2003 நவம்பரில் அதனை ஏற்று எச்.டி. டி.வி.டி. என்று பெயரிட்டது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் பாதியில் அடங்கும். வட்டின் குழிகளுக்கு மேல் ஒளி ஊடுருவும் ஒரு காப்புப் படலம் உண்டு. டி.வி.டி.யில் அதன் தடிப்பு 0.6 மில்லிமீற்றர். தொஷிபா அதனை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே இருந்த டி.வி.டி. ஆலைகளைச் சிறு செலவில் மாற்றி எச்.டி. டி.வி.டி. அச்சிடலாம். புளூ-ரே அணியினர் படலத்தை 0.1 மில்லிமீற்றராகக் குறைத்தனர். குழிகள் வட்டின் மேற்பரப்புக்கு அண்மையில் வந்ததால், மிகக் குறுகிய புள்ளியில் ஒளியைக் குவிக்கும் வில்லையைப் பயன்படுத்த முடிந்தது. வட்டு சற்றுச் சாய்ந்தாலும் ஒளி கலங்கவில்லை. பயன் யாதெனின், எச்.டி. டி.வி.டி.யின் ஓர் அடுக்கு 15 கிகாபைற்று கொள்ள, புளூ-ரேயின் ஓர் அடுக்கு 25 கிகாபைற்று கொண்டது. இரண்டு அடுக்காயின் 30உம் 50உம். ஆனால் மெல்லிய படலம் கீறலுக்கு எளிதில் இரையாகும். அச்சிடப் புதிய யந்திரங்களும் வேண்டும். 2003 ஏப்பிரிலில் சோனி யப்பானில் விற்ற முதற் புளூ-ரேப் பதிவுப்பொறியின் விலை 4,50,000 யென். அதன் வட்டு கீறலுக்கு அஞ்சி ஓர் உறைப்பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருந்தது. ரீ.டி.கே. கம்பனி கடினமான பூச்சொன்றைக் கண்டுபிடித்த பின்னரே வட்டு சிறைமீண்டது.

பொறியியல் நோக்கிற் புளூ-ரே துணிவு மிக்கது, எச்.டி. டி.வி.டி. சிக்கனமானது. இரண்டிலும் பதியப்படும் படம் ஒரே 1,080 வரிப் படம். படத்தைச் சுருக்கிப் பதியும் கணிதமுறைகளும் இரண்டுக்கும் பொதுவானவை. பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரிய நியாயமில்லை. இந்த உண்மையே போரை அத்தனை கொடியதாக்கியது. 1948இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பனி நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீளத்தட்டையும், 1949இல் ஆர்.சீ.ஏ. கம்பனி 45 முறை சுழலும் சிறுதட்டையும் கொணர்ந்து மோதின. அப்போரில் இரண்டும் பிழைத்தன. நீண்ட இசைக்கு ஒன்றும் தனிப்பாட்டுக்கு மற்றொன்றும் என இரண்டுக்கும் இரு வேறு வாழ்வு கிடைத்தது. நீல ஒளியின் இரு வட்டுகளுக்கோ தொழில் ஒன்றே. ஓர் உறையில் இரு கத்தி புகாது.

2005இல் சமாதான முயற்சி நடந்தது. 0.1 மில்லிமீற்றரா, 0.6 மில்லிமீற்றரா என்ற இடத்தில் வந்து பேச்சு முறிந்தது. வெளிப்பார்வைக்கு அது படலத்தின் தடிப்பைப் பற்றிய வாதம். காப்புரிமைப் பெட்டி எவர் வீட்டில் இருப்பது என்பதே உள்ளே கிடந்த கேள்வி.

2006 மார்ச் 31ஆந் தேதி யப்பானிலும், ஏப்பிரிலில் அமெரிக்காவிலும் தொஷிபாவின் வட்டுப்பொறிகள் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் மலிவான பொறியின் விலை 499 டொலர். யூன் மாதத்தில் வந்த முதற் புளூ-ரேப் பொறி, சம்சுங் கம்பனியுடையது, ஏறக்குறைய 1,000 டொலர். விலையில் மட்டுமன்றி நிறைவிலும் தொஷிபாவின் பொறி முந்திநின்றது. முதற் பொறியிலிருந்தே அதற்கு இணைய இணைப்பு உண்டு. உலகப் பகுதிக்கொரு பூட்டுப் போடும் வலயக்குறி இல்லை. புளூ-ரேயோ உலகை மூன்று வலயமாகப் பிரித்தது. இலங்கை அடங்கிய தென்னாசியா மூன்றாம் வலயம். முதலில் வந்த புளூ-ரேப் படங்கள் சிலவற்றின் தரம் பற்றியும் குறை எழுந்தது. வட்டுப்பொறிகளை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்பளிப்பவர் 2006இன் கோடையில் தொஷிபாவுக்கே மாலை சூட்டியிருப்பர்.

ஆனால் தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்பட்டது. முதலாவது இடம் ஹொலிவுட். சோனியின் கொலம்பியாவும், டிஸ்னியும், பொக்ஸும் புளூ-ரேயில் மட்டுமே படம் வெளியிட்டன. யூனிவேர்சல் எச்.டி. டி.வி.டி.யில் மட்டும். பரமவுண்டும் வோர்ணரும் இரண்டிலும். 1976இல் பீற்றாமக்ஸ் நாடாவுக்கு எதிராகச் சோனிமீது ஒன்றாக நின்று வழக்குத் தொடுத்தவை யூனிவேர்சலும் டிஸ்னியும். முப்பதாண்டு கழிந்து அவ்விரண்டும் எதிரெதிர்ப் பாசறையில் நின்றன. இரண்டாவது இடம், படம் பார்க்கும் கூடமன்று. பிள்ளைகள் விளையாடும் அறை. 2006 நவம்பரில் சோனி தன் மூன்றாம் 'பிளேஸ்ரேஷன்' விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அதனுள் புளூ-ரேப் பொறியொன்று குடியிருந்தது. விளையாட வாங்கியவன் கேளாமலே புளூ-ரேயையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். சோனி இதற்குக் கொடுத்த விலை பெரிது. நீல லேசர் போதிய அளவில் உற்பத்தியாகாமையால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குப் பின்தள்ளப்பட்டது. விற்ற ஒவ்வொரு பொறியிலும் நட்டம் ஏற்பட்டது. எனினும் 2007 முடியுமுன் ஒரு கோடி அளவிலான வீடுகளுக்குள் புளூ-ரே புகுந்துவிட்டது. தொஷிபா பக்கம் நின்ற மைக்ரோசொப்ட், தன் விளையாட்டுப் பொறிக்கு எச்.டி. டி.வி.டி.யைத் தனிப் பெட்டியாக 199 டொலருக்கு விற்றது. தானாக வந்து சேர்வதற்கும் தேடிச்சென்று வாங்குவதற்கும் உள்ள தூரம் வாணிகத்தில் மிக நெடிது.

2007 குழப்பத்தின் ஆண்டு. ஜனவரியில் எல்.ஜி. கம்பனி இரண்டு வட்டையும் ஓட்டும் பொறியைக் காட்டியது. வோர்ணர், ஒரு பக்கம் புளூ-ரேயும் மறுபக்கம் எச்.டி. டி.வி.டி.யும் அமைந்த ஒரே வட்டை ஆக்கப்போவதாக அறிவித்தது. அது கடைக்கு வரவேயில்லை. அமெரிக்காவின் பெரிய வாடகைக் கடை நிறுவனமான புளொக்பஸ்ரர், 250 கடைகளில் இரண்டையும் வைத்துப் பார்த்து, வாடகைக்குப் போனவற்றுள் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவை புளூ-ரே எனக் கண்டு, யூனில் மேலும் 1,450 கடைகளுக்குப் புளூ-ரேயை மட்டும் தெரிவு செய்தது. ஓகஸ்டில் எதிர்பாரா அடியொன்று மறுபக்கம் விழுந்தது. பரமவுண்டும் டிரீம்வேர்க்ஸ் கேலிச்சித்திரப்பட நிறுவனமும் புளூ-ரேயை விட்டு எச்.டி. டி.வி.டி.யில் மட்டும் வெளியிடப் போவதாக அறிவித்தன. இம்மாற்றத்துக்கு 15 கோடி டொலர் அளவிலான சலுகைகள் கைமாறின எனப் பத்திரிகைகள் எழுதின. நவம்பரில் வோல்மார்ட் கடைகளில் தொஷிபாவின் பொறி ஒரு நாள் 98.87 டொலருக்கு விற்கப்பட்டது. வாசலில் மக்கள் வரிசை நின்றது.

இத்தனைக்கும் நடுவில் பெரும்பாலான குடும்பங்கள் செய்த காரியம் ஒன்றே. அவர்கள் எதையும் வாங்கவில்லை. பீற்றாமக்ஸ் வாங்கி ஏமாந்த தந்தையின் பிள்ளைகள் அவர்கள். வென்றது எது என்று தெரிந்தபின் பார்ப்போம் எனக் காத்திருந்தனர். கையிலிருந்த டி.வி.டி. அவர்களுக்குப் போதியதாகவே இருந்தது. இந்தக் காத்திருப்பே வோர்ணரைக் கலங்கச் செய்தது. அமெரிக்க வீட்டுப்பட விற்பனையில் முதலிடம் வகித்தது அந்நிறுவனம், டி.வி.டி. விற்பனையோ தளரத் தொடங்கிவிட்டது. புதிய வட்டு நிலைபெறுமுன் காலம் கடந்துவிடும் என்று அது கணக்கிட்டது.

2008 ஜனவரி 4ஆந் தேதி, லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் இலத்திரனியற் பொருட்காட்சி தொடங்க இரண்டொரு நாள் இருக்கையில், வோர்ணர் இனிப் புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. 1995இல் தொஷிபாவின் தோளோடு தோள் நின்ற அதே வோர்ணர்தான். எச்.டி. டி.வி.டி. அணியினர் பொருட்காட்சியில் நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை இரத்துச் செய்தனர். அதன்பின் அணை உடைந்த குளமாயிற்று. பெப்ரவரி 11இல் தபால்வழி வட்டு வாடகைக்கு விட்ட நெற்பிளிக்ஸும், பெஸ்ற் பை கடைகளும், 15இல் வோல்மார்ட், 19இல் தொஷிபாவே. நிஷிடா இழுத்தடிக்கவில்லை. கடைசி நாணயம் வரை சூதாடிய அரசர் பலரைக் கண்ட வரலாற்றில், வோர்ணர் விலகி ஏழே கிழமைக்குள் களத்தை விட்ட அவரது முடிவு விவேகமானது என்றே கொள்ள வேண்டும். அதே நாளில் தொஷிபா இன்னோர் அறிவித்தலையும் விடுத்தது. 'பிளாஷ்' என்னும் நினைவுச் சில்லுகளை ஆக்க இரண்டு புதிய தொழிற்சாலைகள் எழுப்பப்படும் என்பது அது. சுழலும் வட்டே வேண்டாத அந்தச் சில்லு 1980களில் தொஷிபாவின் சொந்த ஆய்வுகூடத்திற் பிறந்தது.

தோற்ற பொறியை வாங்கியவர் கதி என்னாயிற்று? பெஸ்ற் பை, தன்னிடம் எச்.டி. டி.வி.டி. பொறி வாங்கியவர்களுக்கு 50 டொலர் பெறுமதியான பரிசுச் சீட்டு வழங்கியது. வோர்ணர் 2009இல், தன் எச்.டி. டி.வி.டி.யின் அட்டைத்தாளை அனுப்புவோருக்கு வட்டொன்றுக்கு 4.95 டொலரும் தபாற்செலவும் பெற்று அதே படத்தின் புளூ-ரேயைக் கொடுத்தது. ஏனையோர் தம் கையிலிருந்ததைக் காத்துக்கொண்டனர். தொஷிபா 2009 ஓகஸ்டில் புளூ-ரேச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்து, பின்னர் தானும் புளூ-ரேப் பொறி விற்றது. சீனாவில் எச்.டி. டி.வி.டி.யை அடியொற்றிய உள்நாட்டு வட்டொன்று அதே ஆண்டு தோன்றி, வேரூன்றாது மறைந்தது.

புளூ-ரே வென்றது; ஆனால் டி.வி.டி. இருந்த அரியணை அதற்குக் கிடைக்கவில்லை. போர் உச்சத்திலிருந்த 2007 ஜனவரியிலேயே நெற்பிளிக்ஸ், வட்டு எதுவுமின்றி இணையவழியாகப் படத்தை நேரே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. அப்பொழுது படங்கள் சில, தெளிவும் குறைவு, வட்டுப் போர்வீரர் எவரும் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆறு ஆண்டுப் பிணக்கு இன்றி 2003 அளவில் ஒரே வட்டு வந்திருக்குமாயின், இணையம் வளர்வதற்கு முன் அதற்கு நீண்ட ஆட்சிக்காலம் வாய்த்திருக்கும். இரு தரப்பும் தாம் பங்கிட மறுத்த பணத்தைவிடக் கூடுதலான பணத்தை அக்காத்திருப்பில் இழந்தன என்று கருத இடமுண்டு.

2016இல் இன்னும் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படத்துக்கென 100 கிகாபைற்று வரை கொள்ளும் புதிய புளூ-ரே வந்தது. அதற்கு எதிராக எவரும் போட்டி வட்டொன்றைக் கொணரவில்லை. 2019இல் சம்சுங், அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரேப் பொறிகளை ஆக்குவதை நிறுத்தியது. 2024இல் பெஸ்ற் பை தன் கடைகளிலிருந்து திரைப்பட வட்டுகளை அகற்றியது. 2025 பெப்ரவரியில் சோனி, வீடுகளிற் பதிவு செய்வதற்கான வெற்றுப் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. திரைப்படம் பதிந்த புளூ-ரே வட்டுகள், படத்தைத் தம் சொந்த அலுமாரியில் வைத்திருக்க விரும்புவோருக்காக, அதன் பின்னரும் வெளிவந்துகொண்டிருந்தன.